கெட்டிமேளத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டிய வேலை

“கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று ஐயர் குரல் கொடுத்ததும் நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போகும். மண்டபமே எழுந்து நிற்கும், அட்சதை பறக்கும், முன்வரிசையில் செல்போன்கள் உயரும். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டு, நாத்தனார் மற்ற இரண்டு முடிச்சுகளைப் போட்டு முடிக்கும்வரை கிடைப்பது சில நொடிகள்தான். அந்த நேரத்தில் கேமராவில் எந்தச் சக்கரத்தையும் திருப்பக் கூடாது. திருப்ப வேண்டி வந்தால், அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் ஏதோ ஒரு வேலை விட்டுப்போயிருக்கிறது.

வெட்டவெளி வெயிலில் ஆட்டோ மோடில் வைத்து எடுத்தாலும் படம் வந்துவிடும். மண்டபத்துக்குள் வராது. வெளிச்சம் குறைவு, அதுவும் நான்கைந்து வகை விளக்குகளிலிருந்து வருகிறது. ஒரே சட்டத்துக்குள் வெள்ளை வேட்டியும் கறுத்த கூந்தலும் மின்னும் சரிகையும் ஓமப்புகையும் இருக்கும். கேமராவால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: தன் மேல் விழும் ஒளியை எண்ணுவது. எது வேட்டி, எது முகம், எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்ற முடிவுகள் எல்லாம் எடுப்பவருடையவை. அந்த முடிவுகளைத்தான் கெட்டிமேளத்துக்கு முன்பே எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

முதலில் மூன்று அளவுகள். லென்ஸின் துளை எவ்வளவு அகலம் என்பது அப்பர்ச்சர். எஃப் 2, எஃப் 4 என்று அதைக் குறிக்கும் எண் குழப்புவதற்குக் காரணம், அது வகுக்கும் எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் 50-ஐ 2-ஆல் வகுத்து 25 மி.மீ. விட்டமுள்ள துளை. எஃப் 4 என்றால் 12.5 மி.மீ. விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்காகிவிடும். ஒளியும் கால் பங்குதான் வரும். ஒளி பாதியாவதையோ இரட்டிப்பதையோ ஒரு ஸ்டாப் என்கிறோம். 1.4, 2, 2.8, 4, 5.6, 8 என்று எண்கள் வினோதமாகப் போவதற்கு இதுதான் காரணம். ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் சுமார் 1.4 மடங்கு, ஒவ்வொரு படியிலும் ஒளி பாதி. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது இரண்டாவது அளவு. மூன்றாவது ஐஎஸ்ஓ: ஒளியைப் பதியும் சென்சாரின் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்பது.

ஐஎஸ்ஓ பற்றி ஒரு தவறான பயம் பரவலாக இருக்கிறது. அதைக் கூட்டினால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வரும் என்று 400-க்கு மேல் போகவே தயங்குபவர்கள் உண்டு. ஐஎஸ்ஓவைக் கூட்டினால் சென்சாருக்குக் கூடுதல் ஒளி வருவதில்லை. வந்த ஒளியின் சிக்னல் பெருக்கப்படுகிறது, அவ்வளவுதான். புள்ளிகளுக்கு முக்கியக் காரணம் ஒளிப்பஞ்சம். ஒளி துகள் துகளாக வருகிறது. ஒரு புள்ளியில் சராசரியாக 100 துகள்கள் விழ வேண்டிய இடத்தில் பத்து கூடவோ குறையவோ விழும். அது பத்து சதவீதத் தடுமாற்றம், கண்ணுக்குத் தெரியும். 10,000 துகள்கள் விழும் இடத்தில் நூறு கூடும், குறையும். அது ஒரு சதவீதம், தெரியாது. ஆகவே 400-இல் இருட்டாக எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் இரண்டு ஸ்டாப் ஏற்றுவதில் லாபம் எதுவும் இல்லை. பல கேமராக்களில் அது நேராக 1600-இல் எடுத்ததைவிட மோசமாகவே இருக்கும். புள்ளிகள் உள்ள முகத்தை ஆல்பத்தில் போடலாம். அசைந்துபோன முகத்தை என்ன செய்தாலும் மீட்க முடியாது.

வீடியோ விளக்குகள் எரியும் ஒரு சராசரி மணவறைக்கு எஃப் 4, 1/100 நொடி, ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்கலாம். டியூப்லைட் மட்டும் என்றால் எஃப் 2.8-க்கு வர வேண்டியிருக்கும். இது தொடக்கப் புள்ளி மட்டுமே. சரியான அளவை மணவறையிலேயே எடுக்க வேண்டும்; அங்கேதான் ஒளிமானி ஏமாற்றும்.

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, எதிரில் இருக்கும் பொருள் தெறித்து அனுப்பும் ஒளியை அளக்கிறது. உலகத்தில் எல்லாம் சராசரியாக நடுச்சாம்பல், அதாவது விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் தெறிப்பவை என்பது அதன் கணக்கு. வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகப் பெரியவர்கள் வரிசையாக நின்றால், இவ்வளவு வெளிச்சமா என்று அது ஒளியைக் குறைக்கும். வேட்டி அழுக்குச் சாம்பலாகும், முகங்கள் இருண்டுவிடும். ரிசப்ஷனில் கறுப்பு கோட்டு, பின்னால் கருநீலத் திரை என்றால் நேர்மாறாக ஒளியைக் கூட்டும். முகம் வெளுத்து நெற்றி வெள்ளைத் திட்டாகும். பின்னால் எல்இடி திரை ஓடினால் முகமே கறுத்த நிழலாகிவிடும். புதிய கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்து ஓரளவு திருத்திக்கொள்கின்றன. ஆனால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் அளவு தாவும். ஆல்பத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கும்போது அது உறுத்தும்.

இதற்குக் கையிலேயே கருவி இருக்கிறது. உள்ளங்கை நடுச்சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிச்சமானது. தோல் என்ன நிறமாக இருந்தாலும் உள்ளங்கை அவ்வளவாக வேறுபடாது. கேமராவை, அளவுகளை நாமே வைக்கும் மேனுவல் மோடிலும், அளவீட்டை, ஒரு சிறு பகுதியை மட்டும் அளக்கும் ஸ்பாட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். மணமக்கள் வருவதற்கு முன், மணையில் அவர்கள் முகம் வரப்போகும் உயரத்தில், ஒருவரை உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். சட்டத்தின் நடுவில் உள்ளங்கையை மட்டும் வைத்து ஊசியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். எஃப் 4, ஐஎஸ்ஓ 1600-இல் 1/200 என்று காட்டினால் 1/100 வையுங்கள். விளக்குகள் மாறாதவரை இனி அந்த அளவைத் தொட வேண்டாம். யார் வெள்ளை உடுத்தி வந்தாலும், யார் கறுப்பு உடுத்தி வந்தாலும் விழும் ஒளி அதேதான்.

இப்படி அளந்தால் மாநிறம் மாநிறமாகவும் கறுப்பு கறுப்பாகவும் தன் இடத்தில் வந்து உட்காரும். மணப்பெண்ணின் முகத்தை நேரடியாக ஸ்பாட்டில் அளந்து அப்படியே எடுத்தால், கறுத்த தோல் நடுச்சாம்பலுக்கு உயர்த்தப்பட்டு வெளிறிப்போகும். தோல் நிறத்தை ஒரே அளவுகோலுக்கு இழுக்கும் இந்தப் பழக்கம் பழையது. கோடாக் நிறுவனம் வண்ணப் பிரிண்ட் போடும் லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்களின் முகம்தான் இருந்தது. ‘ஷெர்லி கார்டு’ என்று அதற்குப் பெயரே உண்டு. அந்தத் தோலுக்குப் பொருத்திய வண்ணத்தில் மற்றவர்களின் முகம் சேறாக வந்தது. இன்று கருவி மாறிவிட்டது. ஆனாலும் ஆல்பம் டிசைனில் மணப்பெண்ணை இரண்டு படி வெளுக்க வைப்பது நிற்கவில்லை. அது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். முப்பது வருடம் கழித்துப் பேத்தி அந்தப் படத்தைப் பார்க்கும்போது பாட்டியின் உண்மையான நிறத்தைப் பார்க்க வேண்டும்.

பட்டுப்புடவைக்கு வேறொரு ஆபத்து. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தை மட்டுமே பார்க்கும். கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் பெயரில் 1976-இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பு இது: பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம். ஒவ்வொரு புள்ளியும் நெல் அளக்கும் மரக்கால் மாதிரி; நிரம்பிய பிறகு கொட்டுகிற நெல் கணக்கில் வராது. மஞ்சள் விளக்கில் அரக்குச் சிவப்புக் கூறைப்புடவை என்றால், சிவப்பு மரக்கால்கள் மட்டும் முதலில் நிரம்பி வழிந்துவிடும். இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில், மூன்று நிறங்களையும் சேர்த்துப் பார்த்தால், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் நெசவும் மடிப்பும் காணாமல்போய்ச் சிவப்புப் பெயின்ட் அடித்ததுபோல் இருக்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வலது ஓரத்தில் முட்டி நின்றால் அரை ஸ்டாப் குறைத்து, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுங்கள். 14 பிட் ரா ஃபைலில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள். ஜேபெக்கில் 256 தான். கொஞ்சம் இருண்டதை ரா ஃபைலில் ஏற்றலாம். வழிந்ததை அள்ள முடியாது.

ஷட்டரை ஏன் 1/125 என்று சொல்லாமல் 1/100 என்றேன் என்பதற்கு வருகிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு ஒரு நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. 1/100 நொடி ஷட்டர் ஒரு முழுத் துடிப்பை உள்வாங்கும். 1/50 இரண்டு துடிப்புகளை. 1/250 வைத்தால் துடிப்பின் ஒரு துண்டுதான் கிடைக்கும். அது உச்சமா பள்ளமா என்பது அதிர்ஷ்டம். அடுத்தடுத்து எடுத்த நான்கு படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று மங்கலாகவும் ஒன்று பச்சையோடியும் வந்தால், கேமராவைப் பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டாம், காரணம் டியூப்லைட்தான். தாலி முடியும் கைக்கு 1/100 பெரும்பாலும் போதும். அட்சதை அரிசி அந்தரத்தில் உறைந்து நிற்க வேண்டும் என்றால் 1/500 தேவை. அப்போது கேமராவில் துடிப்புத் தவிர்க்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். அரிசி சற்றுக் கோடாக வந்தால்தான் என்ன? அந்த நொடியின் பரபரப்பு அதில் இருக்கிறது.

மிரர்லெஸ் கேமராவில் சத்தமில்லாத ஷட்டரை மண்டபத்தில் நம்பாதீர்கள். அதில் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கப்படுகிறது. சாதாரண கேமராக்களில் ஒரு முழுப்படத்தைப் படித்து முடிப்பதற்குள் விளக்கு ஓரிரு முறையாவது துடித்துவிடும். எல்இடி திரையும் மலிவான வீடியோ விளக்கும் சேர்ந்தால் முகத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். அந்தக் கோட்டை எந்த மென்பொருளாலும் சுத்தமாக எடுக்க முடியாது. மெக்கானிக்கல் ஷட்டர் எழுப்பும் சத்தம் தவிலுக்கு முன்னால் யாருக்கும் கேட்கப்போவதில்லை.

அடுத்தது தெளிவின் ஆழம், அதாவது முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாக வரும் என்பது. எஃப் 1.8 வரை திறக்கும் லென்ஸ் வாங்கியவர்களுக்கு அதை 1.8-லேயே திறந்து வைக்கும் ஆசை இருக்கும். பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவே உள்ள முழுச்சட்ட சென்சாரில் 85 மி.மீ. லென்ஸை 3 மீட்டர் தூரத்தில் எஃப் 1.8-இல் வைத்தால் தெளிவாக இருக்கும் பகுதி சுமார் 13 செ.மீ. மட்டுமே. மணப்பெண்ணின் முகம், தாலியைப் பிடித்த மாப்பிள்ளையின் கை, பின்கழுத்தருகே காத்திருக்கும் நாத்தனாரின் விரல் மூன்றும் 13 செ.மீ.க்குள் அடங்காது. எஃப் 4-க்கு வந்தால் 30 செ.மீ. அதுவும் இறுக்கம்தான். 35 மி.மீ. லென்ஸோடு 2 மீட்டருக்கு நெருங்கி வந்தால் அதே எஃப் 4-இல் முக்கால் மீட்டருக்கு மேல் கிடைக்கும். மூவரும் தெளிவாக வருவார்கள், சுற்றி நிற்கும் உறவும் சட்டத்துக்குள் வரும். தாலி கட்டுக்கு 35 தான் என் தேர்வு. கன்னத்தில் வழியும் ஒரு சொட்டுக் கண்ணீருக்கு 85-ஐ எடுத்துக்கொள்ளலாம்.

கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 18–55 லென்ஸ் 18-இல் எஃப் 3.5 வரை திறக்கும். 55-க்கு இழுத்தால் எஃப் 5.6 தான், ஒரு ஸ்டாப்புக்கு மேல் இழப்பு. ஜூம் இழுப்பதற்குப் பதில் இரண்டடி முன்னால் போங்கள். சிறிய சென்சார் கேமராவில் 23, 24 மி.மீ. பக்கம் வைத்தால் முழுச்சட்டத்தின் 35-க்குச் சமமான பார்வை கிடைக்கும்.

ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்க விடாதீர்கள். குறுக்கே பறக்கும் அரிசியையோ, நீட்டிய செல்போனையோ, நெற்றிச்சுட்டியின் கல்லையோ அது பிடித்துக்கொள்ளும். கண்ணைத் தேடும் வசதி இருந்தால் மணப்பெண்ணின் கண். இல்லையென்றால் ஒற்றைப் புள்ளியை முன்கூட்டியே அவள் முகம் இருக்கும் இடத்துக்கு நகர்த்தி வையுங்கள்.

ஃபிளாஷைப் பொறுத்தவரை அதிகம் நடக்கும் விபத்து இது: தாலி ஏறும் நொடியில் அது எரிவதே இல்லை. நான்கு பென்சில் பேட்டரி போட்ட ஃபிளாஷை முழுச் சக்தியில் அடித்தால் மறுபடி நிரம்பச் சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிகளில்தான் முடிச்சு விழும். தீர்வு ஃபிளாஷில் இல்லை, ஐஎஸ்ஓவில் இருக்கிறது. ஃபிளாஷின் வலுவைச் சொல்வது கைடு நம்பர்; அதை எஃப் எண்ணால் வகுத்தால் எட்டும் தூரம். கைடு நம்பர் 40 (மீட்டரில், ஐஎஸ்ஓ 100-இல்) உள்ள ஃபிளாஷ் நேராக அடித்தால் எஃப் 4-இல் 10 மீட்டர் போகும். 20 அடி உயரக் கூரையில் அடித்துத் திருப்பினால் ஒளி மேலே போய்க் கீழே வர 8, 9 மீட்டர் பயணம் செய்யும். கூரை விழுங்குவது வேறு இரண்டு ஸ்டாப். ஐஎஸ்ஓ 400-இல் எட்டும் தூரம் இரட்டிப்பாகும், கூரை அதைப் பாதியாக்கும்; மறுபடி 10 மீட்டர். அதாவது ஒவ்வொரு அடியும் கிட்டத்தட்ட முழுச் சக்தி. 1600-க்கு ஏற்றினால் எட்டும் தூரம் 20 மீட்டராகும். கால் பங்குச் சக்தியே போதும், தொடர்ந்து நாலைந்து படங்களுக்கு ஃபிளாஷ் தயாராக இருக்கும்.

கூரையில் ரோஸ் துணி கட்டியிருந்தால் அங்கே அடிக்காதீர்கள், முகமெல்லாம் ரோஸாகும். பக்கத்து வெள்ளைச் சுவர் இருந்தால் அதில் அடிக்கலாம். ஷட்டர் 1/200-ஐத் தாண்டினால் படத்தின் ஓரம் கறுப்பாக வெட்டுப்படுவது ஏன் என்று பலருக்குக் குழப்பம். ஷட்டரில் இரண்டு திரைகள் உண்டு. ஒன்று திறந்துகொண்டே போகும், இன்னொன்று பின்னாலேயே மூடிக்கொண்டு வரும். பெரும்பாலான கேமராக்களில் 1/160 முதல் 1/250 வரைதான் சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அதற்கு மேல் வேகம் போனால் வெறும் கீற்று ஒன்றுதான் நகர்கிறது. கண்சிமிட்டும் நேரத்தில் எரிந்து அணையும் ஃபிளாஷ் அந்தக் கீற்றில் மட்டும் பதியும்.

ஓமப்புகையும் ஃபிளாஷும் பகைவர்கள். நேராக அடித்தால் புகைதான் முதலில் ஒளிரும். மணமக்கள் வெள்ளைத் திரைக்குப் பின்னால் போய்விடுவார்கள். மின்விசிறியும் ஏசியும் புகையை எந்தப் பக்கம் தள்ளுகின்றன என்று பார்த்து எதிர்ப்பக்கம் நில்லுங்கள். நெருப்புக்கு நேர் குறுக்கே நீண்ட லென்ஸால் எடுப்பதையும் தவிருங்கள். சூடான காற்று அலைந்து முகத்தைக் குழைத்துவிடும். ஃபோகஸ் தவறியது என்று லென்ஸைத் திட்டுவோம், ஆனால் காரணம் காற்று. இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தாலே தெளிந்துவிடும்.

நிறச்சமநிலையில் கெடுதல் கலப்பு விளக்கால் வருகிறது. ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். டியூப்லைட் 6500 கெல்வின், அலங்கார விளக்கு 3000, ஃபிளாஷ் 5500 பக்கம். ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம் என்றால் ரா ஃபைலாலும் இரண்டையும் ஒருசேரத் திருத்த முடியாது. வீடியோக்காரரிடம் முன்பே பேசி, மணவறைக்கு ஒரே வகை விளக்கு என்று முடிவு செய்வதே வழி. மஞ்சள் விளக்கு தவிர்க்க முடியாதது என்றால் ஃபிளாஷின் முகத்தில் ஆரஞ்சு ஜெல் தாளை ஒட்டி இரண்டையும் ஒரே நிறமாக்கலாம். வெண்மையைப் பொருத்த வேட்டியைக் குறிவைக்காதீர்கள்: பட்டுவேட்டி சந்தன நிறம், பருத்தி வேட்டியில் நீலம் போட்டிருக்கும். சாம்பல் அட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

குடும்பப் படத்துக்கு எஃப் 11 தேவையே இல்லை. முழுச்சட்டத்தில் 35 மி.மீ., எஃப் 5.6, 5 மீட்டரில் ஃபோகஸ் என்றால் 3 மீட்டரிலிருந்து ஏறக்குறைய 15 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். மூன்று வரிசை நின்றாலும் போதும். அகல லென்ஸில் எடுத்தால் ஓரத்தில் நிற்கும் அத்தைகள் அகலமாகிவிடுவார்கள். பின்னால் நகர்ந்து இடம் பிடியுங்கள்.

மண்டபத்துக்கே உரிய அழுக்குகளும் உண்டு. வாசலில் பன்னீர் தெளிக்கும்போது லென்ஸைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். ஒரு துளி காய்ந்தாலும் விளக்குகளைச் சுற்றிப் புகைவட்டம் வரும். குங்குமமும் மஞ்சளரிசித் தூளும் கண்ணாடியில் விழுந்தால் உடனே துணியால் தேய்க்கக் கூடாது. முதலில் ரப்பர் புளோயரால் ஊதி, பிறகே லென்ஸ் துணி. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஏசி மண்டபத்திலிருந்து விடிகாலை ஊர்வலத்துக்கு வெளியே வந்ததும் கடற்கரை ஊர்களில் லென்ஸ் முழுக்க நீர் பூக்கும். துடைத்தாலும் மறுபடி பூக்கும். அரை மணி முன்பே ஒரு கேமராவை மூடிய பைக்குள் வைத்து ஏசி இல்லாத இடத்தில் விட்டுவிட்டால் அது மெல்லச் சூடேறித் தயாராக இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். தோல் உறைக்குள் பூட்டி பீரோவில் வைப்பது பூஞ்சைக்குப் பாய் விரிப்பது போல. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி மூன்றும் போதும். ஈரப்பதம் 40–50 சதவீதத்தில் நிற்கட்டும். நீல ஜெல் ரோஸாக மாறினால் சூடேற்றி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம்.

இரண்டு கேமராவோடு போகிறவர்கள் கிளம்பும் முன் இரண்டின் கடிகாரத்தையும் ஒரே நிமிடத்துக்கு வையுங்கள். நாலு நிமிடம் பிசகினாலும் தாலி கட்டிய பிறகு மாலை மாற்றியதுபோல் படங்கள் வரிசை மாறிவிடும். ஆயிரக்கணக்கான படங்களைக் கையால் அடுக்குவது பெரும்பாடு. மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் அழிக்காமல் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். கார்டு போட இரண்டு இடுக்கு இருந்தால் இரண்டிலும் ஒரே படம் பதியட்டும். வீடு திரும்பியதும், தூங்குவதற்கு முன், இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து, இடையிடையே பத்து ஃபைலையாவது திறந்து பாருங்கள். ஆல்பம் அந்த வீட்டுக்குப் போய்ச்சேரும்வரை அந்தக் கார்டை அடுத்த கல்யாணத்துக்கு எடுக்காதீர்கள்.